கால் பாத்திரம் சீமெண்ணெய்

சின்னக் குழந்தையின் வாயை மோந்து பார்த்தால் பால் வாசனை வரவேண்டும். எங்கள் அண்ணா பிள்ளையின் வாயிலிருந்து ஒரு நாள் காலையில் சீமெண்ணெய் வாசனை வந்தது. குழந்தை என் மடியில் கிடந்து இருமிக்கொண்டிருந்தான். கண் இரண்டும் சிவந்து, மூக்கிலும் கண்ணிலும் நீர் கொட்டியது. அந்த அவஸ்தையிலும் வலது உள்ளங்கையைத் தலையில் தடவித் துடைத்துக்கொண்டான். கோயிலில் தீர்த்தம் வாங்கிக் குடிக்கிறவர்கள் கடைசியில் செய்கிற காரியத்தை அந்த ஒன்றே முக்கால் வயதுக்காரன் ஒரு குறையும் வைக்காமல் செய்தான். அதைப் பார்த்த பிறகுதான் அவன் எதை, எப்படிக் குடித்தான் என்று எனக்கு விளங்கியது. நான் போட்ட கூச்சல் கடற்கரை வரைக்கும் கேட்டிருக்கும்.

போன வாரம் எங்கள் எதிர் ஃப்ளாட்டுப் பெண், கலர் பாட்டிலில் பினாயிலை ஊற்றிக் குளியலறை வாசலில் வைத்திருந்தாள். வீட்டிலோ தவழுகிற குழந்தை. நான் உள்ளே புகுந்து பாட்டிலைத் தூக்கிக் குப்பையில் போட்டேன். கிழவிக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று அவள் நினைத்திருப்பாள், நினைத்துவிட்டுப் போகட்டும். அவளிடம் சொல்ல முடியாததைத்தான் இங்கே எழுதுகிறேன். பெரும்பாலும் இது ஆயாம்மாவைப் பற்றிய கதை. ஆயாம்மா என்பது அவள் பேர் இல்லை, உத்தியோகம். ஊர் தர்மாஸ்பத்திரியில் ஆயா வேலை பார்த்தாள். நிஜப் பேர் எனக்குத் தெரியும், ஆனால் அந்தப் பேரைச் சொல்லி அவளை யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

ஐம்பதுகளின் நடுவில், ஒரு மாசி மாதம். எனக்குப் பதினெட்டு வயது. மகாபலிபுரத்தில் பெருமாள் கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் இருந்தோம். அண்ணா கோயிலில் அர்ச்சகர். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்த பிறகு, அண்ணாவும் மன்னியும்தான் என்னை வைத்துக் காப்பாற்றினார்கள். மன்னி ஏறாத கோயில் இல்லை, சுற்றாத அரசமரம் இல்லை. கல்யாணமாகி எட்டு வருஷம் கழித்து இந்தப் பிள்ளை பிறந்தான். எங்கள் மூன்று பேருக்கும் அவன்தான் உலகம். தினமும் காலையில் அண்ணா அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு சன்னதிக்குப் போவார். எல்லாருக்கும் தீர்த்தம் கொடுத்து முடித்தபின் பிள்ளைக்கும் ஒரு சொட்டு. பச்சைக் கற்பூரமும் துளசியும் கலந்த அந்தச் சொட்டுக்கு அவன் அப்படி அலைவான். பேச்சு சரியாக வருவதற்கு முன்பே, இடது கையை வலது கைக்கு அடியில் கொடுத்து உள்ளங்கையைக் குழித்து நீட்டக் கற்றுக்கொண்டான். வாங்குவான், உறிஞ்சுவான், கையைத் தலையில் துடைத்துக்கொள்வான். வருகிறவர்களிடமெல்லாம் செய்து காட்டச் சொல்லி நாங்களும் பூரித்துப்போவோம். எங்கள் தலையில் நாங்களே மண்ணை வாரிப் போட்டுக்கொள்கிறோம் என்று அப்போது தெரியவில்லை.

எங்கள் தெருவுக்கு அப்போது மின்சாரம் வரவில்லை. ராத்திரிக்கு இரண்டு சிம்னி விளக்கு, ஒரு அரிக்கேன். சீமெண்ணெய் ஊற்றுகிற தகரப் புனல் துருப்பிடித்து ஓட்டையாகிவிட்டது. சிம்னி விளக்கின் வாயோ சின்னது, பாட்டிலைச் சாய்த்து நேரே ஊற்றினால் பாதி தரையில்தான் போகும். பரணில் பழைய பஞ்சபாத்திரம் ஒன்று கிடந்தது. அடி நசுங்கிவிட்டதால் பூஜையிலிருந்து தள்ளிவைத்தது. கூடவே அதில் தீர்த்தம் மொள்ளுகிற சின்னக் கரண்டி, உத்தரணியும் இருந்தது. நான்தான் அந்த மகா யோசனையைக் கண்டுபிடித்தேன். பஞ்சபாத்திரத்தில் கொஞ்சம் சீமெண்ணெயை ஊற்றிக்கொண்டு, உத்தரணியால் மொண்டு மொண்டு விளக்கில் விட்டால் ஒரு சொட்டுக்கூடச் சிந்தாது. வேறு எந்த வீட்டிலும் இந்தக் கூத்து நடந்திருக்காது. ஊரெல்லாம் சீமெண்ணெயை உழக்கிலும் கொட்டாங்குச்சியிலும் ஊற்றும். தீர்த்தப் பாத்திரத்தில் ஊற்ற அர்ச்சகர் வீட்டுப் பெண்ணுக்குத்தான் தோன்றும். அதைத் தீர்த்தம் என்று எடுத்துக் குடிக்க அர்ச்சகர் வீட்டுப் பிள்ளையால்தான் முடியும்.

அன்று காலை கொல்லைத் தாழ்வாரத்தில் உட்கார்ந்து இரண்டு சிம்னியையும் சாம்பல் போட்டுத் துடைத்தேன். பஞ்சபாத்திரத்தில் கால்பங்கு சீமெண்ணெய் ஊற்றி, ஒரு விளக்கை நிரப்பினேன். அதற்குள் வாசலில் கோயில் பூக்காரி குரல் கொடுத்தாள். குழந்தை கூடத்தில் மரப்பாச்சியை வைத்து விளையாடிக்கொண்டிருந்தான். போய்ப் பூக்கூடையை வாங்கி வைத்துவிட்டு, அவளிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டுத் திரும்பினேன். அந்த இரண்டு வார்த்தைக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பஞ்சபாத்திரம் உருண்டு கிடந்தது. தரையெல்லாம் எண்ணெய், அவன் சட்டையெல்லாம் எண்ணெய். உத்தரணியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு குழந்தை இருமிக்கொண்டிருந்தான்.

என் கூச்சலில் மன்னி அடுக்களையிலிருந்து ஓடிவந்தாள். அவள் பின்னால் தெருவே வந்தது. எதிராத்து மாமா கொல்லையில் நிற்கிற எல்லாரையும் விலக்கிக்கொண்டு முன்னால் வந்து, குழந்தையை என் மடியிலிருந்து பிடுங்கினார். ஊரில் யாருக்கு எது வந்தாலும் வைத்தியம் சொல்கிறவர். "உப்புத் தண்ணி கொண்டு வாங்கோ! வாந்தி எடுக்க வச்சா எல்லாம் வெளியே வந்துடும்" என்று கத்தினார். ஒரு மாமி புளியைக் கரைக்க ஓடினாள். இன்னொருத்தி சோப்புத் தண்ணீர்தான் நல்லது என்றாள். தலைகீழாகப் பிடித்து மூன்று சுற்றுச் சுற்றினால் போதும் என்றது ஒரு குரல். இதில் எது கிடைத்தாலும் என் கையாலேயே ஊற்றியிருப்பேன். அந்த நிமிஷம் எனக்கு வேண்டியதெல்லாம், எண்ணெய் அவன் உடம்பை விட்டு வெளியே வரவேண்டும். அவ்வளவுதான்.

உப்புத் தண்ணீர் டம்ளர் குழந்தையின் உதட்டுக்கு வந்துவிட்டது. அப்போதுதான் வாசல்பக்கமாக ஒருத்தி திடுதிடுவென்று கூடத்தைத் தாண்டி உள்ளே வந்தாள். வந்த வேகத்தில் மாமாவின் கையைத் தட்டிவிட்டாள். டம்ளர் கிணற்றடி வரை உருண்டது.

"இன்னா சாமி பண்றீங்க? கொயந்தைய கொல்லப் பாக்கிறீங்களா?"

ஆயாம்மா. நாலு வீடு தள்ளிப் பிள்ளை பெற்ற பெண் ஒருத்தியைப் பார்த்துப்போக வந்தவள். வேதக்காரி, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிறவள். பூர்வீகம் படாளத்துப் பக்கம், அப்பாவும் அம்மாவும் பிறத்தியார் நிலத்தில் கூலி வேலை செய்தவர்கள். செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் குழந்தைகள் வார்டில் பன்னிரண்டு வருஷம் ஆயாவாக இருந்துவிட்டு எங்கள் ஊருக்கு மாற்றலாகி வந்தவள். எங்கள் தெருவுக்கு எத்தனையோ தரம் வந்திருக்கிறாள், பிரசவம் பார்க்க ஒத்தாசை செய்திருக்கிறாள். ஆனால் வந்தாலும் போனாலும் கொல்லை வழிதான். எந்த வீட்டிலும் கூடத்தில் கால் வைத்தவளில்லை. மாமாவுக்கு முகம் கடுகடுவென்று ஆகிவிட்டது. "நீ யாரு உள்ளே வரதுக்கு? வாந்தி எடுத்தாத்தானே விஷம் இறங்கும்?" என்றார்.

"எறங்காது சாமி. ஏறும்" என்றாள் ஆயாம்மா. பேசிக்கொண்டே குழந்தையை அவர் கையிலிருந்து வாங்கி, சட்டையைக் கழற்றி வீசினாள். "வயித்துல கீற எண்ணெ வயித்தோட போயிடும். வாந்தியா வந்துச்சுன்னா மூச்சுக்கொயாய்ல பூந்துக்கும். நெஞ்சுல பூந்துச்சுன்னா அப்பால எந்த டாக்டரு வந்தும் பேஜாருதான். எங்க படாளத்துக் கொயந்த ஒண்ணு, வார்டுல என் கண்ணு முன்னால போச்சு. சீமெண்ணெ குடிச்சி சாவல சாமி அது. உப்புத் தண்ணி குடிச்சி செத்துச்சு."

அவள் யாரையும் பார்க்கவில்லை. ஈரத்துணி கேட்டாள். வாயைத் துடைத்தாள், முகவாய், கழுத்து, மார்பு எல்லாம் துடைத்தாள். எண்ணெய் பட்ட இடம் வெந்துபோகும் என்றாள். குழந்தையை நெட்டுக்குத்தலாகத் தோளில் சாய்த்துக்கொண்டு, முதுகில் காதை வைத்துக் கேட்டாள். பிறகுதான் நிமிர்ந்து, "எவ்ளோ இருந்துச்சு? யாரு ஊத்தி வச்சது?" என்றாள்.

பதில் சொல்லவேண்டியவள் நான். எதிராத்து மாமா சொன்னார்: "பாத்திரம் நிறையத்தான் இருந்திருக்கும். பத்துப்பாத்திரம் தேய்க்கிறவ வச்சுட்டுப் போயிருப்பா. அதுகளுக்கு என்ன தெரியும்?" நான் பேசாமல் நின்றேன். மன்னியும் அடுக்களைக் கரண்டியோடு பேசாமல் நின்றாள். எத்தனை உத்தரணி இருந்தது என்று சொன்னால் யார் ஊற்றினது என்றும் சொல்லவேண்டும். எட்டு வருஷம் தவம் கிடந்து பெற்ற பிள்ளையின் அம்மா பக்கத்தில் நிற்கிறாள். சொல்ல எனக்குத் துணிச்சல் வரவில்லை.

ஆயாம்மா இன்னொரு தரம் கேட்கவில்லை. தர்மாஸ்பத்திரிக்கு டாக்டர் வருகிற நாள் அது இல்லை. "செங்கல்பட்டு பஸ்ஸு நிக்குது. யாரு வர்றீங்களோ வாங்க. யாரும் ஒரு சொட்டு தண்ணி குடுக்கக்கூடாது, சொல்லிட்டேன்" என்று குழந்தையோடு ஓடினாள். நாற்பது வயசுக்கு மேல், கனத்த உடம்பு, காலில் செருப்பில்லை. பின்னால் மன்னி, அவள் பின்னால் நான். கோயில் வாசலிலிருந்து அண்ணா ஈர வேஷ்டியும் வெற்று மார்புமாக ஓடிவந்து சேர்ந்துகொண்டார். யாரோ போய்ச் சொல்லியிருக்கிறார்கள். அவர் கையில் துளசி இருந்தது. பிள்ளையின் வாய்ப்பக்கம் நீட்டினார். "அதுவும் வேணாம் சாமி" என்று ஆயாம்மா குழந்தையின் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அண்ணா அந்தத் துளசியைக் கையிலேயே பிடித்துக்கொண்டு பஸ்ஸில் ஏறினார்.

பஸ் கிளம்பத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது. உள்ளே கும்பகோணத்துப் பக்கத்திலிருந்து வந்த யாத்திரைக் கூட்டம். காலையில் கடற்கோயில் பார்த்தாயிற்று, உச்சிவேளைக்குத் திருக்கழுக்குன்றம் மலையில் கழுகு வந்து சாப்பிடுவதைப் பார்க்கவேண்டும். டிரைவர் எங்களைப் பார்த்தார், குழந்தையைப் பார்த்தார். "இன்னாம்மா?" என்றார். "சீமெண்ணெ குட்ச்சிருச்சு, அண்ணாத்த. நீ உடு" என்றாள் ஆயாம்மா. அவர் விட்டார் பாருங்கள்! அந்தப் பஸ்ஸுக்கு அப்படி ஒரு வேகம் உண்டு என்று அதற்கு முந்தியும் தெரியாது, பிந்தியும் பார்த்ததில்லை. கால்வாயைத் தாண்டினதும் சவுக்குத் தோப்புகள் ஜன்னலில் பறந்தன. எதிரே வந்த மாட்டு வண்டிகளெல்லாம் வயலில் இறங்கின.

ஆனால் பஸ்ஸுக்குள்ளே இருந்த வைத்தியர்களை என்ன செய்வது? நம் ஜனங்களுக்குத் தெரியாத வைத்தியம் உண்டா? ஒரு அம்மாள் வாழைப்பழத்தை உரித்தே விட்டாள். ஒருவர் மோர் என்றார், ஒருவர் தேங்காய் எண்ணெய் என்றார். எண்ணெய்க்கு எண்ணெயா என்று ஒருவர் அவரோடு சண்டைக்குப் போனார். கழுதைப் பால் ஒன்றுதான் இதற்கு முறிவு, ஆனால் கழுதை வேண்டும் என்றார் பின்சீட்டுப் பெரியவர். எல்லாம் பாசம்தான். ஒவ்வொரு கையாக நீண்டு வந்தது, ஒவ்வொரு கையையும் ஆயாம்மா தள்ளினாள். "வாயப்பயம் நீயே துன்னும்மா, உனக்கு வழியில பசிக்கும்" என்றாள். தஞ்சாவூர்ச் செம்பில் அடைத்த கங்கா ஜலத்தை ஒரு பாட்டியம்மாள் பக்தியோடு திறந்தபோது மட்டும் சற்று யோசித்து, "வச்சிக்கோம்மா, பொயச்சப்பறம் தலையில தெளிக்கலாம்" என்றாள். இத்தனைக்கும் நடுவில் அவள் காது மட்டும் குழந்தையின் முதுகை விட்டு நகரவில்லை. அவன் மூச்சு விடுகிறபோதெல்லாம் கீச்சென்று ஒரு சத்தம் வந்தது. அது ஏறுகிறதா இறங்குகிறதா என்று அவள் முகத்தைப் பார்த்துத்தான் நான் தெரிந்துகொண்டேன்.

வழியில் ஒரு பள்ளத்தில் பஸ் தூக்கிப் போட்டது. குழந்தை குமட்டினான். ஆயாம்மா கண்ணிமைக்கிற நேரத்தில் அவனைக் குப்புறக் கவிழ்த்து, இடுப்பு மேலேயும் தலை கீழேயுமாக மடியில் போட்டு, முகத்தை ஒரு பக்கம் திருப்பிப் பிடித்தாள். கொஞ்சம் பால் வந்தது, எண்ணெய் வாசனையோடு. விரலில் துணியைச் சுற்றி வாய்க்குள்ளே துடைத்தாள். பிறகு பழையபடி தோளில் சாய்த்தாள். "தானா வந்தா இப்டித்தான் பிடிக்கணும். நாமளா வர வைக்கக்கூடாது" என்று மன்னியிடம் சொன்னாள். மன்னி தலையை ஆட்டினாள். கிளம்பினதிலிருந்து அவள் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. அண்ணாதான், "அவளை இனிமே நம்மாத்துப் படி ஏத்தக்கூடாது" என்று இரண்டு தரம் முணுமுணுத்தார். பாத்திரம் தேய்க்கிறவளைத்தான் சொன்னார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

திருக்கழுக்குன்றத்தில் கூட்டம் இறங்குவதற்காக நிறுத்தினபோது என்ஜின் அணைந்துவிட்டது. டிரைவர் இறங்கி முன்னால் கம்பியைச் செருகிச் சுற்றினார். சுற்றினார், சுற்றினார், வண்டி கனைத்ததே ஒழியக் கிளம்பவில்லை. யாத்திரைக்காரர்கள் எல்லாரும் மலையைப் பார்த்தார்கள். ஐந்நூறு படிக்கு மேல் ஏறவேண்டும், உச்சிவேளை நெருங்குகிறது. கழுதைப் பால் பெரியவர் கூட்டத்தின் தலைவர் போலிருக்கிறது, மலையையும் குழந்தையையும் மாறி மாறிப் பார்த்தார். கண்டக்டர் கத்தினார்: "கயுகு நாளிக்கும் வரும்பா! தள்ளுங்க!" பெரியவர் மேல்துண்டை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு வண்டிக்குப் பின்னால் போனார். அவ்வளவுதான், கூட்டம் மொத்தமும் பின்னாலேயே போனது. மடிசார் மாமிகள்கூடக் கை வைத்தார்கள். தெருவில் நின்றவர்கள், சோடாக்கடைக்காரர், எல்லாரும் சேர்ந்து "ஏலேலோ" என்று தள்ளினார்கள். தேர் கிளம்புகிற மாதிரி வண்டி கிளம்பியது. பின்னால் திரும்பிப் பார்த்தேன். நடுத்தெருவில் அத்தனை பேரும் மூச்சு வாங்கிக்கொண்டு, கையை ஆட்டிக்கொண்டு நின்றார்கள். அன்றைக்கு அவர்கள் கழுகைப் பார்த்தார்களோ இல்லையோ, அவர்கள் நன்றாக இருக்கவேண்டும்.

செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் ஆயாம்மா யாரிடமும் வழி கேட்கவில்லை. நேரே உள்ளே நுழைந்தாள். அவளைத் தெரிந்த நர்ஸுகள் இரண்டு பேர் ஓடிவந்தார்கள். டாக்டர் சின்ன வயசுக்காரர், நிதானமானவர். குழந்தையின் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுக்கொண்டே, "எவ்வளவு குடிச்சான்?" என்றார்.

"ஒரு பாத்திரம் நிறைய, டாக்டர்" என்றார் அண்ணா. பாத்திரத்தின் அளவைக் கையால் காட்டினார்.

டாக்டரின் முகம் மாறியது. "அவ்வளவை வயித்துல விட்டுவைக்க முடியாது. ரப்பர் குழாய் போட்டு எடுக்கணும். எடுக்கறப்போ கொஞ்சம் நெஞ்சுக்குள்ளே போனாலும் போகும். வேற வழியில்லை" என்றார். நர்ஸ் தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். சிவப்பு ரப்பர் குழாய் அதில் சுருண்டு கிடந்தது. ஆயாம்மா பதினெட்டு மைலும் எதைத் தடுத்துக்கொண்டு வந்தாளோ, அது இப்போது டாக்டர் கையாலேயே நடக்கப்போகிறது. அவரைத் தப்புச் சொல்ல முடியாது, நாங்கள் சொன்ன கணக்கு அப்படி.

"ஐயா, ஒரு நிமிசம்" என்றாள் ஆயாம்மா. டாக்டரை எதிர்த்துப் பேசுகிற இடத்தில் அவள் இல்லை, ஆனால் பேசினாள். "பாத்திரம் நெறைய குட்ச்ச கொயந்த இந்நேரம் இப்டி அழுவாதுங்க. மயங்கி சுருண்டிருக்கும்." சொல்லிவிட்டு எங்கள் பக்கம் திரும்பினாள். "அந்தப் பாத்திரத்துல எண்ணெய கண்ணால பாத்தவங்க யாருன்னா கீறீங்களா? சொன்னா யாரும் ஒண்ணும் பண்ண மாட்டாங்க. சொல்லாட்டி அந்தக் கொயாயி உள்ள போவும்."

அண்ணா இல்லையென்று தலையை ஆட்டினார். மன்னி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நர்ஸ் குழாயைக் கையில் எடுத்துவிட்டாள்.

"நான்தான் ஊத்தினேன்" என்றேன். என் குரலா என்று எனக்கே சந்தேகம். ஒரு தரம் திறந்தபின் வாய் நிற்கவில்லை. "பாத்திரம் நிறைய இல்லே. கால்பங்குதான் ஊத்தினேன். அதுலேயும் ஒரு விளக்குக்கு விட்டாச்சு. மிச்சம் தரையிலே கொட்டிக் கிடந்தது, அவன் சட்டையிலே இருந்தது. ஒரு உத்தரணி, மிஞ்சினா ரெண்டு. அதுக்கு மேலே உள்ளே போயிருக்காது. வேலைக்காரி இல்லே, நான்தான்."

"உத்தரணின்னா எவ்வளவு?" என்றார் டாக்டர். அவருக்கு அது தெரிய நியாயமில்லை. மேஜையிலிருந்து மருந்து ஸ்பூனை எடுத்துக் காட்டினார். எனக்குப் பார்வை மறைத்தது. அண்ணா என்னைத் திரும்பிப் பார்க்காமல், "அதுல பாதி" என்றார். தினம் நூறு பேருக்கு உத்தரணியால் தீர்த்தம் கொடுக்கிறவர், அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். டாக்டர் குழாயைத் தட்டில் திரும்பப் போடச் சொன்னார். "நல்லவேளை சொன்னேம்மா" என்றார். அதைக் கேட்டதும் நான் அந்தத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

இருமினபோதே நெஞ்சுக்குள் கொஞ்சம் இறங்கியிருந்தது. இரண்டு நாள் காய்ச்சல் அனலாய்க் காய்ந்தது. மூச்சு நாய்க்குட்டி இரைப்பதுபோல இரைத்தது. வேளைக்கு வேளை பெனிசிலின் ஊசி. ஆயாம்மா ஊருக்கு ஆள் சொல்லி அனுப்பிவிட்டு எங்களோடு தங்கினாள். அவளுக்கு என்ன தலையெழுத்து? கேட்டால், "வந்தது வந்துட்டேன், முடிச்சிட்டுப் போறேன்" என்றாள். அண்ணா ஊருக்கும் ஆஸ்பத்திரிக்குமாக நடையாய் நடந்தார். என்னிடம் வேண்டிய வார்த்தை மட்டும் பேசினார். மன்னி அதுவும் பேசவில்லை. மூன்று நாளும் நான் இருக்கிற பக்கம் அவள் முகம் திரும்பவேயில்லை. காபி கொண்டுபோய் நீட்டினால் தரையைப் பார்த்துக்கொண்டு வாங்கினாள். நான் அந்த வீட்டிலிருந்து எங்கே போவது என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டேன். சோறு போட்டு வளர்த்தவளின் பிள்ளைக்கு இப்படிச் செய்தவள் எந்த முகத்தோடு திரும்பிப் போவாள்?

குழந்தை பிழைத்தான், அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இப்போது அவனுக்கு எழுபது வயசு. பேங்க் வேலை பார்த்து ஓய்வு பெற்றாயிற்று, நங்கநல்லூரில் இருக்கிறான், சர்க்கரை இருக்கிறது. எதை வாயில் போட்டுக்கொள்ளலாம், எதைக் கூடாது என்று இன்றைக்கும் அவனுக்குத் தெரியாது. அவன் பெண்டாட்டி அல்வாவை அலமாரிக்குள் பூட்டி வைக்கிறாள். இந்தக் காலத்தில் போன் எடுத்து மூன்று எண்ணைத் தட்டினால் வண்டியே வாசலுக்கு வருகிறது, அதற்குள்ளேயே பிராணவாயு, ஊசி எல்லாம். அப்போது எங்களுக்கு இருந்தது ஒரு பழைய பஸ்ஸும் ஆயாம்மாவின் கையும்தான். அவள் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் மதுராந்தகத்தில் மகளோடு இருந்தாள். மன்னி இருந்தவரைக்கும் வருஷத்துக்கு ஒரு தரம் அவளைப் போய்ப் பார்த்துவிட்டு வருவாள், கூட நானும் போவேன். அவள் வீட்டில் சாப்பிட்டுவிட்டுத்தான் வருவோம்.

மூன்றாவது நாள் காலையில் காய்ச்சல் விட்டது. டாக்டர் நெஞ்சைக் கேட்டுவிட்டுச் சிரித்தார், பால் கொடுக்கலாம் என்றார். குழந்தை தூங்கினான். நானும் மன்னியும் அவன் துணிகளை அலச வார்டுக்குப் பின்னால் இருந்த குழாயடிக்குப் போனோம். வெயில் நன்றாக அடித்தது. அவள் துணியைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள், அழுக்குப் போனபிறகும் தேய்த்தாள். இனி தாங்காது என்று நான் அவள் காலைப் பிடித்துக்கொண்டேன். "மன்னி, என்னை ரெண்டு அறை அறைஞ்சுடுங்கோ. பேசாம மட்டும் இருக்காதீங்கோ" என்றேன்.

அவள் துணியைக் கீழே போட்டாள். மூன்று நாளில் முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தாள்.

"நான் பார்த்தேண்டி" என்றாள்.

எனக்குப் புரியவில்லை.

"அன்னிக்கு நீ ஊத்தறதை அடுக்களை ஜன்னல்லேருந்து பார்த்தேன். பஞ்சபாத்திரத்துலே ஊத்தறாளே, கொழந்தை தீர்த்தம்னு எடுத்துடப்போறானேன்னு மனசுலே பட்டுது. கூப்பிட்டுச் சொல்லணும்னு வாயைத் திறந்தேன். அடுப்புலே பால் பொங்கித்து. இறக்கிட்டுச் சொல்லலாம்னு திரும்பினேன். அவ்வளவுதான், நீ கத்தறே." கீழே போட்ட துணியை எடுத்து முறுக்கினாள். "வேலைக்காரி மேலே பழி போட்டா. வாயை மூடிண்டு இருந்தேன். டாக்டர் கேட்டார், அப்பவும் வாயை மூடிண்டு இருந்தேன். எனக்கும் தெரியும் கால்பங்குதான்னு. பெத்தவ நான். நீ சொன்னே, நான் சொல்லலே. எந்த மூஞ்சியை வச்சுண்டு உன் மூஞ்சியைப் பார்ப்பேன்?"

இரண்டு பேரும் அந்தக் குழாயடியில், ஈரத்துணிகளுக்கு நடுவில், ஒருத்தியை ஒருத்தி கட்டிக்கொண்டு வாய்விட்டு அழுதோம். கோபம் என்று நான் நினைத்த மூன்று நாளும் அவளும் என்னைப்போலவே வெந்துகொண்டிருந்திருக்கிறாள். குழாயை மூடத் தோன்றவில்லை, தண்ணீர் பாட்டுக்குப் போனது.

வார்டுக் கதவிலிருந்து ஆயாம்மாவின் குரல் வந்தது. எவ்வளவு நேரமாக நின்றாளோ, எவ்வளவு கேட்டாளோ, கடைசி வரைக்கும் அவள் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

"ரெண்டு பேரும் அழுது முட்ச்சிட்டீங்களா? மிச்சத்த அப்பால வச்சிக்கலாம். புள்ள முய்ச்சிக்கினு பசிக்குதுன்னு வார்டையே கூட்டிக்கினு கீது. யாரு கையால குடுக்கறதுன்னு மொதல்ல சொல்லுங்க."

மன்னி எழுந்தாள். முகத்தைக்கூடத் துடைத்துக்கொள்ளவில்லை. ஈரக் கையால் என் கையைப் பிடித்துத் தூக்கி, என்னை முன்னால் தள்ளினாள்.

"போடி" என்றாள். "நீ போய்க் குடு."